பால்குடத் தண்ணீருக்கு வெல்டிங் மெஷின்

எங்கள் ஆலயத்தின் பின்வாசலிலிருந்து கால்வாய்க்குப் பதினான்கு எட்டு. மூன்று முறை நடந்து பார்த்தேன். இரண்டு முறை பதினான்கு வந்தது. ஒருமுறை செருப்பு வார் அறுந்து பதினாறு வந்தது. அந்தப் பதினான்கு எட்டுக்குள் அம்மனுக்கு ஊற்றிய பாலைத் தண்ணீராக்க வேண்டும் என்ற பொறுப்பு போன ஆடித் திருவிழாவுக்காக என் தலையில் விழுந்தது.

விழுந்ததற்குக் காரணம் என் பழைய வேலை. இங்கே மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். எண்ணெயும் சோப்பும் கலந்து வரும் அழுக்குத் தண்ணீரைத் தினமும் நான்கு குப்பிகளில் பிடித்து, அதில் எவ்வளவு அழுக்கு மிச்சமிருக்கிறது என்று எழுதி வைப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்தபோது ஆலயச் செயலவையில் சேர்த்துக்கொண்டார்கள். திருவிழாவில் பால்குடங்களை எண்ணும் பணி கொடுத்தார்கள். எங்கள் தலைவர் எனக்கு வைத்த பெயர் ‘கணக்கு’. “கணக்கு வந்துட்டாரு, இனிமே யாரும் மூச்சு விடாதீங்க, எண்ணிடுவாரு” என்பார். மூச்சை எண்ணுவது அப்படியொன்றும் கேலிக்குரிய காரியமில்லை. நிமிடத்துக்குப் பதினாறு என்பது சரியான அளவு. அவருக்கு இருபத்திரண்டு. நான் சொல்லவில்லை, பயந்துவிடுவார்.

அதற்கு முந்திய வருடத் திருவிழாவில் அறுபத்தெட்டுக் குடம் பால் ஊற்றினோம். அத்தனையும் பின்பக்கக் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போனது. மூன்று நாள் மழை இல்லை. நான்காம் நாள் பின்வரிசை வீடுகளில் யாரும் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பதினேழு வீடுகள். எல்லாரும் எங்களோடு நல்லபடியாக இருப்பவர்கள்தான், பொங்கல் கொடுத்தால் வாங்கிக்கொள்பவர்கள்தான். ஆனாலும் புளித்த பாலுக்கு ஒரு எல்லை இருக்கிறது. நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போனது. இந்த வருட அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்து வந்தது: அபிஷேகத் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் கால்வாயில் விடவேண்டும், அன்றைக்கு அதிகாரி வந்து மாதிரி எடுப்பார், கால்வாயில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் பால் ஊற்றுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

கூட்டத்தில் அந்தக் கடிதத்தைத் தலைவர் இரண்டு முறை வாசித்தார். நான் என் கையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சைத் தொட்டுக்கொண்டேன்.

அதற்குக் காரணம் என் மனைவியின் வேண்டுதல். எனக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்று ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை செய்தார்கள். உள்ளே நான் படுத்திருந்த ஐந்து மணி நேரத்தில் வெளியே அவள் வேண்டிக்கொண்டாளாம்: இவர் எழுந்து வந்தால் ஒன்பது வருடம் பால்குடம் எடுக்கிறேன் என்று. நான் எழுந்து வந்தேன். எட்டுக் குடம் முடிந்துவிட்டது. பெருந்தொற்றில் கோயில் பூட்டியிருந்த வருடங்களை அவள் சேர்க்கவில்லை. இந்த ஆடியில் ஒன்பதாவது.

நான் படித்தவன். வேண்டுதலுக்கும் ரத்தக் குழாய்க்கும் தொடர்பு இருப்பதாக எந்த மருத்துவரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஒன்பது தவணை என்று வாக்குக் கொடுத்த ஒன்றில் எட்டோடு நிற்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் ஒன்பது மாத்திரை எழுதிக்கொடுத்தால் நான் எட்டோடு நிறுத்துவேனா? அதிலும் ஒரு சிக்கல். எங்கள் ஆலயத்தில் செயலவைக்காரர் வீட்டுக் குடம் கடைசியில்தான் போக வேண்டும். அது எழுதாத வழக்கம். ஊராரைப் பின்னால் தள்ளிவிட்டு நிர்வாகத்தார் முன்னால் நின்றார்கள் என்று பேச்சு வரக்கூடாதல்லவா. ஆக, அதிகாரி பாதியில் நிறுத்தினால் நிற்கப்போவது என் ஒன்பதாவது குடம்.

கூட்டத்தில் பல யோசனைகள் வந்தன. ஏழு. கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சிக்கொண்டு போகச் சொல்லலாம் என்றார் ஒருவர். மகளிர் பிரிவு அதை ஒரே குரலில் மறுத்தது. அம்மன் மேல் பட்ட பால் அந்த லாரியில் போவதா, அதற்கு முன்னால் அது எங்கெங்கே போய்விட்டு வந்ததோ என்றார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி பால் போதும் என்றார் இன்னொருவர். அவருடைய மனைவியும் மகளிர் பிரிவில்தான் இருந்தார்; அன்று அந்த மனிதர் வீட்டுக்குத் தனியாக நடந்துபோனதை நான் பார்த்தேன். வாழைக்கு ஊற்றலாம் என்றால் ஆலயத்தில் இருப்பது நான்கு வாழை. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வேலை செய்த இடத்தில் கடைசி சில வருடங்களில் ஒரு புது முறையைச் சோதித்துப் பார்த்தோம். அழுக்குத் தண்ணீருக்குள் அலுமினியத் தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டு மின்சாரம் விட வேண்டும். பேட்டரியில் இருப்பது போல் ஒரு பக்கமாகவே ஓடும் மின்சாரம். தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த அலுமினியம் தண்ணீரில் பஞ்சு மாதிரி திரண்டு, கொழுப்பையும் புரதத்தையும் அணைத்துப் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத் தகட்டிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பி அந்தப் பஞ்சை மேலே தூக்கிக்கொண்டு வரும். மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் கீழே தெளிந்த தண்ணீர். எண்ணெய்க்குச் சரிவருவது பாலுக்கும் சரிவரும்.

வீட்டின் பின்புறத்தில் ஒரு வாளி, ஒரு பாக்கெட் பால், பழைய ஜன்னல் சட்டத்தில் வெட்டிய இரண்டு அலுமினியப் பட்டை, கார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி, இவற்றை வைத்துச் சோதித்தேன். கொஞ்சம் உப்பும் போட்டேன், உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் சோம்பேறித்தனமாகத்தான் ஓடும். முப்பத்தைந்தாவது நிமிடம் மேலே தயிர் மாதிரி ஒரு படலம், கீழே கண்ணாடி. ஒரு கிளாஸில் பிடித்து மனைவியிடம் கொண்டு காட்டினேன். பார்த்துவிட்டு, “சரி, காபிக்குப் பால் எங்க?” என்றாள். அந்த வாரம் ஆறு பாக்கெட் போயிருந்தது.

பழைய ஆய்வுக்கூடத்தில் இன்னும் வேலையில் இருக்கும் ஒருவரிடம் அந்தத் தண்ணீரைக் கொடுத்து அளந்து வாங்கினேன். கண்ணுக்குத் தெளிந்திருந்தது, கணக்கில் தெளியவில்லை. பாலில் உள்ள சர்க்கரை அலுமினியத்துக்குப் பிடிகொடுக்காமல் அப்படியே கரைந்து கிடந்தது. வெள்ளையாகத் தெரியாது, அதிகாரியின் மாதிரியில் மட்டும் தெரியும். இரண்டு இரவு தூங்கவில்லை. சர்க்கரையைப் பிடிக்க முடியாது, எரிக்கத்தான் வேண்டும். தீயால் அல்ல, அதையும் மின்சாரத்தால்தான். அதற்குக் கரையாத தகடு வேண்டும்: டைட்டானியம் வலை மேல் வேறு உலோகப் பூச்சு பூசியது. உப்புத் தண்ணீரில் அது குளோரினை உண்டாக்கும்; குளோரின் சர்க்கரையை உடைக்கும்.

டைட்டானியத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் செயலவையில் ஒரு வெல்டர் இருக்கிறார். பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையில் வேலை. நாற்பத்தாறு வயது, நான்கு வார்த்தைக்கு மேல் ஒரே மூச்சில் பேசமாட்டார். என் தகட்டுக் கவலைகளையெல்லாம் இருபது நிமிடம் கேட்டுவிட்டு, “நீச்சல் குளத்துல இருக்கு, அங்கிள்” என்றார். உப்புத் தண்ணீர்க் குளங்களில் குளோரின் செய்யும் கருவிக்குள் அதே வலைதான் இருக்கிறதாம். அவருடைய மைத்துனர் ஜொகூர் பாருவில் அடுக்குமாடிக் குளங்களைப் பராமரிக்கிறார். கழற்றிப் போட்ட மூன்று வலை வந்து சேர்ந்தது. மின்சாரத்துக்கு அவர் தன் வெல்டிங் மெஷின்கள் இரண்டைக் கொண்டு வந்தார். நான் எட்டு வாரமாகத் தேடிய ஒருபக்க மின்சாரம் தேவைக்கு மேலேயே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வாளியும் ஜன்னல் சட்டமுமாக நான் பட்ட பாட்டை எண்ணி அன்று சாப்பிடவில்லை.

திருவிழா நாள் காலை ஆறே முக்காலுக்கு ஏற்பாடு தயார். பின்வாசலில் நீல டிரம் இரண்டு. முதல் டிரம்மில் ஒன்பது அலுமினியத் தகடு, இரண்டாவதில் டைட்டானியம். அபிஷேகத் தண்ணீர் முதல் டிரம்முக்கு வரும், நாற்பது நிமிடம், பிறகு இரண்டாவதற்குப் போகும், அங்கே நாற்பது நிமிடம், பிறகு கால்வாய். ஒரு தவணைக்குப் பன்னிரண்டு குடம். கழுவி ஊற்றும் தண்ணீரோடு சேர்ந்து டிரம் கழுத்து வரை வரும். எழுபத்தொரு பேருக்கு எண் போட்ட அட்டை கொடுத்திருந்தோம். ஆறு தவணை.

பூசாரியிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன். டிரம்மிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும், ஆகவே சூடம் ஏற்றுகிறவர்கள் டிரம்முக்கு எட்டடி தள்ளி நிற்க வேண்டும். அவர் தலையாட்டினார். பூசாரிகள் தலையாட்டுவதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

முதல் தவணை ஒழுங்காகப் போனது. இரண்டாவது தவணையில் யாரோ தேனும் பன்னீரும் சேர்த்து ஊற்றியிருக்கிறார்கள். மெஷினைப் போட்டதும் நுரை கிளம்பியது. பாலின் புரதம், அடியிலிருந்து வரும் குமிழி, இரண்டும் சேர்ந்தால் நுரை வரும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு வரும் என்று தெரியாது. டிரம்மின் வாய்க்கு மேலே ஒரு முழம் எழுந்து, வெள்ளை வெளேரென்று, உச்சியில் கொஞ்சம் மஞ்சளோடு, சுற்றிலும் வழிந்தது. அபிஷேகம் முடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பதினொரு பேர் போட்டுக்கொண்டார்கள். மாலை ஒன்று டிரம்முக்கு விழுந்தது. நான் கரண்டியால் நுரையை வழித்துக்கொண்டே, இது கழிவு, தொடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பூசாரியிடம் ஓடி, டிரம்மில் ஒன்றுமில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னேன்.

“அதை நான் எப்படிங்க சொல்றது?” என்றார் அவர். “எதுலயாவது அம்மா இல்லன்னு இந்த வாயால இதுவரைக்கும் சொன்னதில்ல.”

நான் திரும்பி வருவதற்குள் மூன்றாம் வரிசை வீட்டு அம்மாள், எனக்கு ஒரு வயது மூத்தவர், தட்டில் சூடம் ஏற்றி நுரைக்குக் காட்டிவிட்டார். பட், பட், பட் என்று வெடித்தது. நான் எண்ணியவரை ஒன்பது. பெரிய வெடி இல்லை, அப்பளம் உடைகிற அளவுதான், நுரைக் குமிழிக்குள் இருந்த வாயு மட்டும்தான். ஆனாலும் அறுவையில் என் இதயத்தில் ஒட்டிய மூன்று குழாய்களும் ஒரே சமயத்தில் எனக்குத் தெரிந்தன. வெல்டர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த அம்மாளின் புருவத்தில் நுரை. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பரவசமாக, “பதில் சொல்லிட்டா” என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் கருவறையை விட்டுவிட்டு டிரம்மைச் சுற்றிக்கொண்டது. இன்னொரு பெண் இரண்டாவது டிரம்மின் குழாயில் தீர்த்தம் என்று பாட்டில் பிடித்தார். நான் பதறிப்போய் அவரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்துவிட்டு, “என்ன அங்கிள், ஸ்விம்மிங் பூல் வாசம் வருது” என்று அவரே திருப்பி ஊற்றினார். கடைசியில் பூசாரிக்கு ஒரு வழி தோன்றியது. ஒலிபெருக்கியில், “பக்தர்கள் கவனத்துக்கு, டிரம்முல கரண்ட் இருக்கு” என்றார். அரை நிமிடத்தில் பின்வாசல் காலியானது. அம்மன் இருக்கும் இடத்துக்கு வருகிறவர்கள் கரண்ட் இருக்கும் இடத்துக்கு வருவதில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒன்பது வெடி மிச்சம்.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். மலாய்ப் பெண், முப்பது வயது இருக்கலாம், தலைத் துணிக்கு மேல் பாதுகாப்புத் தொப்பி போட்டிருந்தார். டிரம்மைப் பார்த்தார், வெல்டிங் மெஷினைப் பார்த்தார், டிரம்மின் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார். நான் தகட்டின் கதையை மலாயில் விளக்கினேன். படித்த பெண், பாதியிலேயே, சர்க்கரைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொன்னேன்.

பிறகு அவர் கால்வாய் ஓரத்தில் ஒரு நெகிழி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கால்வாயில் வெள்ளை தெரிந்தால் எழுந்து நிறுத்தச் சொல்வார் என்பதால் நான் ஒவ்வொரு நான்கு நிமிடத்துக்கும் ஒருமுறை கால்வாயை எட்டிப் பார்த்தேன். தலைவர் இருமுறை வந்து, “கணக்கு, கால்வாய் ஓடிப் போயிடாது” என்றார். மூன்று, நான்கு, ஐந்து என்று தவணைகள் போயின. ஆறாவது தவணையில் பதினொரு குடம்தான் வந்தது. எழுபத்தொரு அட்டை, எழுபத்தொரு குடம், சரியாக இருக்கிறது. ஆனாலும் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருப்பது எனக்கு உறுத்தியது. எல்லாத் தவணையும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று ஒரு குடத்தின் அளவான ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை நானே பிடித்து ஊற்றினேன்.

தண்ணீர் இரண்டு டிரம்மையும் கடந்து தெளிவாக வந்தது. அதிகாரி இரண்டு குப்பிகளில் மாதிரி பிடித்து, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தலைவர் ஒலிபெருக்கியில், பால் அபிஷேகம் இனிதே நிறைவேறியது என்றார். வெல்டர் தகடுகளைக் கழற்றிக் கழுவிக் குப்புறச் சாய்த்தார். அன்னதானம் தொடங்கியது. அதிகாரியையும் சாப்பிட உட்கார்த்தினார்கள். நான் கைகழுவப் போனேன். ஒன்பதாவது முடிந்தது, அடைப்பு இல்லை, எல்லாம் சரி என்று நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணில் சாய்ந்து, மஞ்சள் சேலையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. மடியில் குடம். குடத்தின் வாயில் வேப்பிலை அசையாமல் இருந்தது.

பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்து எல்லாரும் சுற்றிப் போயிருக்கிறார்கள். அது தூக்கம் என்று எனக்குத் தெரியும், முப்பத்தொன்பது வருடம் பார்த்த முகம். அதிகாலை மூன்று மணியிலிருந்து விரதம். எழுபத்தொரு பேருக்கும் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவள் அப்படியே அயர்ந்துவிட்டாள். செயலவை வீட்டாருக்கு அட்டை கொடுப்பதில்லை; இந்த முறை செயலவை வீடுகளில் குடம் எடுத்தவள் அவள் ஒருத்திதான். அட்டை இல்லாத குடத்தை நான் எண்ணவில்லை. அந்தத் திருவிழாவில் நான் எண்ணாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

எழுப்பினேன். விழித்து, சுற்றிப் பார்த்து, “என் முறை வந்துருச்சா?” என்று கேட்டாள்.

கையைக் காட்டித் தலைவரைக் கூப்பிட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. ஊற்றச் சொன்னார். ஒரே ஒரு குடம், ஒரு லிட்டர், மாதிரியும் எடுத்தாயிற்று, நேராகக் கால்வாயில் போனால் யாருக்குத் தெரியும் என்றார். இலையில் பாதி சாப்பாட்டோடு அதிகாரியும் திரும்பிப் பார்த்து, “சத்து சஜா, அங்கிள். ஓகே லா” என்றார். ஒன்றுதானே, பரவாயில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

நான் முடியாது என்றேன்.

ஏன் என்று அங்கே விளக்க முடியவில்லை, இப்போது எழுதுகிறேன். பாலில் இருப்பது கொழுப்பு. குழாயை அடைப்பது கொழுப்பு. என் இதயக் குழாய் அடைபடக்கூடாது என்று ஊற்றுகிற பால் இன்னொரு குழாயை நாற அடித்தால், அந்த வேண்டுதல் எந்தப் பக்கம் வேலை செய்யும்? எழுபத்தொரு பேரின் கொழுப்பையும் நுரை நுரையாக வழித்தெடுத்துவிட்டு, என் உயிருக்கான ஒரு லிட்டரை மட்டும் பின்வழியாகத் தள்ளிவிடுவதா? அறிவியல்படி இதற்கு ஆதாரம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் என்னைவிட அறிவியல் தெரிந்தவர்களும் ஆதாரம் கேட்கவில்லை.

“தகட்டைப் போடுங்க” என்றேன் வெல்டரிடம்.

அவர் எழுந்து போனார். கையில் பாதிப் பாயசம். பூசாரியும் எழுந்தார். என் மனைவி குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், அவளுடைய ஒன்பதாவதை ஊற்றினாள். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. டிரம்மின் பக்கம் நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு விரல் கனத்துக்கு வந்து, டிரம்மின் அடியில் ஒரு தட்டு அளவுக்குப் பரவி நின்றது. தகட்டின் கீழ்முனைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மின்சாரம் தண்ணீரில்தான் ஓடும், இடைவெளியில் ஓடாது.

டிரம்மை நிரப்ப வேண்டியதாயிற்று. ஒரு லிட்டர் பாலைச் சுத்தம் செய்வதற்காக, சாப்பிட்டுக்கொண்டிருந்த செயலவை எழுந்து வந்து, பதினெட்டு வாளி நல்ல தண்ணீரைச் சுமந்தது. தலைவர் ஒவ்வொரு வாளிக்கும் என் முகத்தைப் பார்த்தார். அவர் மூச்சு நிமிடத்துக்கு இருபத்தொன்பது. அவ்வளவு தண்ணீரில் பால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உப்பு போதாமல் சமையற்கட்டிலிருந்து ஒரு பாக்கெட் வந்தது. மெஷினைப் போட்டதும் மழை பிடித்துக்கொண்டது.

வெல்டிங் மெஷின் நனையக்கூடாது. கூரை இரண்டடி குறைவு. அப்போது அதிகாரி தன் குடையை எடுத்துக்கொண்டு வந்து முதல் மெஷினுக்கு மேல் பிடித்தார். தலைவர் சாமி ஊர்வலக் குடையை எடுத்து வந்து இரண்டாவதற்குப் பிடித்தார். அவர்கள் இருவரும் நனைந்தார்கள், மெஷின்கள் நனையவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் டிரம் நாற்பது நிமிடம். நுரை என்று ஏதோ வந்தது, தேநீர் கிளாஸில் மிஞ்சுகிற அளவுக்கு. வழித்தேன்: ஒன்றரைக் கரண்டி. அப்புறம் இரண்டாவது டிரம் நாற்பது நிமிடம்.

இருபதாவது நிமிடத்தில் அதிகாரி ரொம்ப மரியாதையாகச் சொன்னார், இவ்வளவு மழையில் கால்வாயில் ஓடுவது எல்லாமே மழைத் தண்ணீர்தான் என்று. நான் இன்னும் இருபது நிமிடம்தான் என்றேன். அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். வெல்டர் இரண்டாவது கிளாஸ் பாயசம் குடித்தார்.

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். ஈரத் தலை, நெற்றியில் திருநீறு கரைந்து ஓடியது. விரதம் முடிந்தும் அவள் இன்னும் சாப்பிடவில்லை, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். நாற்பது ஆனதும் நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கால்வாயில் விழுந்து மழையோடு போயிற்று. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“முடிஞ்சுதா?” என்றாள்.

“முடிஞ்சுது” என்றேன்.

“அப்ப சாப்பிட வாங்க. எட்டு மணி மாத்திரையே நீங்க இன்னும் போடல.”

உண்மைதான், போடவில்லை. மூன்று மாத்திரை, சட்டைப் பையில் மழையில் நனைந்து கரைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து நகராண்மைக் கழகக் கடிதம் வந்தது. அளவுகள் எல்லாம் ஏற்கத்தக்கவை, அடுத்த வருடமும் அனுமதி உண்டு. கீழே ஒரு குறிப்பு: தண்ணீரில் குளோரின் சற்றுத் தூக்கலாக இருக்கிறது, உப்பைக் குறைக்கவும். தலைவர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, கணக்குக்கு உப்புக் கை என்று சொல்லிச் சிரித்தார். நான் இரண்டு நாள் அந்தக் குறிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது தவணையில் எண்ணம் எங்கோ இருந்து ஒரு பிடி கூடுதலாகப் போட்டிருக்கிறேன் போல.

ஆனால் அதைவிட எனக்கு வேறொரு கவலை இருந்தது. ஒன்பதும் முடிந்துவிட்டது. எட்டு முடிந்து ஒன்று பாக்கி இருந்தவரை, அந்த ஒன்றை முடிக்கவாவது மேலே உள்ளவர்கள் என்னை உயிரோடு வைத்திருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது பாக்கி எதுவும் இல்லை. எந்தக் காரணத்துக்காக என்னை வைத்திருக்க வேண்டும்? ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது, அடுத்த வருடமும் பால்குடம் எடுக்கும் உத்தேசம் உண்டா என்று மனைவியிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

“எனக்கு முடியாதுங்க” என்றாள். “முட்டி ரெண்டும் போச்சு. டாக்டர் ஆபரேசன் சொல்லிட்டாரு. நீங்க எடுங்க.”

“நானா?”

“ஏன், உங்களுக்கு நான் எடுக்கலையா? எனக்கு நீங்க எடுங்க.”

எத்தனை வருடம் என்று கேட்டேன்.

“முட்டி ரெண்டு இருக்குல்ல” என்றாள். “அத நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.”

போட்டுப் பார்த்தேன். ஒரு இதயத்துக்கு ஒன்பது என்றால், ஒரு முட்டிக்கு ஒன்பதா, அல்லது முட்டி சிறிய உறுப்பு என்பதால் குறைவா என்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பூசாரியைக் கேட்டேன். தலையாட்டினார். இரண்டுக்கும் சேர்த்துப் பதினெட்டு என்று வைத்துக்கொண்டால், அதை முடிக்கும்போது எனக்கு எண்பத்தொன்பது வயது ஆகும். அதுவரை என்னை எப்படியும் வைத்திருந்தாக வேண்டும். பதினெட்டு என்றே வேண்டிக்கொண்டேன்.

இப்போது தினமும் காலை ஆறரைக்கு, தலையில் ஒரு லிட்டர் தண்ணீர்க் குடத்தோடு கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கு நடந்து பழகுகிறேன். இருபத்திரண்டு எட்டு. திரும்பி வரும்போது இருபத்து மூன்று, ஏனென்று தெரியவில்லை. நேற்றுவரை மூன்று முறைதான் சிந்தியிருக்கிறேன். அவள் முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து, குடம் சாயும்போதெல்லாம் இடதா வலதா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.